கோணாத கோடுகள்

"வராத நோயை ஒரு மிஷின் எப்படிம்மா சொல்லும்? அது என்ன சாமியா?"

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வடிவழகி கேட்டுவிட்டாள். அவளுக்கு வயது அறுபதுக்கு மேல். மடத்தை நடத்தும் ஞானசுந்தரி அவளைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் ஊரே அம்மா என்று கூப்பிடும்போது வடிவழகி மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

அம்மா முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கக்கா. மிஷின் என்ன சொல்லுச்சு?"

"கண்ணுக்குள்ள போட்டோ எடுத்தாங்க. பின்பக்கம் விழித்திரைன்னு ஒண்ணு இருக்காமே, அதுல மஞ்ச மஞ்சளாப் புள்ளியாம். வயசானா வர்றதாம். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் பாத்துட்டு, இடது கண்ணு சீக்கிரமே மோசமாகும், நடுப்பார்வை போயிடலாம்னு சொல்லுதாம்."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"மாசாமாசம் வந்து காட்டுங்கன்னாங்க. கண்ணுக்குள்ள நீர் கசிய ஆரம்பிச்ச உடனே ஊசி போட்டா பார்வையைக் காப்பாத்தலாமாம். விட்டா, போனது போனதுதானாம்."

"போனீங்களா?"

வடிவழகி முந்தானையை இழுத்துச் செருகினாள். படம் எடுத்தது சித்திரை வெயிலில். இப்போது வெளியே ஐப்பசி மழை.

"எதுக்குப் போகணும்? நல்லாத்தானே இருக்கேன்."

அம்மா ஒரு மொச்சையைப் பிதுக்கி முறத்தில் போட்டாள்.

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

வடிவழகி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. ஒண்ணும் ஆகாதுன்னு. அந்தப் படம் பொய்யாயிடும்."

"அந்தப் படத்துக்கு என்னைத் தெரியாதேக்கா. என் பேச்சை எப்படிக் கேக்கும்?"

"உங்க வாக்கு பலிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"மழை வராதுன்னு சொல்லி நேத்து வத்தல் காயப்போட்டேன். பலிச்ச லட்சணத்தைக் கொல்லையில போய்ப் பாருங்க."

வடிவழகிக்குச் சிரிப்பு வரவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்தாள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"இதையாவது பாருங்கம்மா. ஆஸ்பத்திரியில குடுத்தது. அந்தப் புள்ளியைப் பாக்கணும், கோடு வளைஞ்சு தெரிஞ்சா உடனே ஓடி வரணும்னாங்க. தினமும் பாக்கறேன். ஒரு கோடும் கோணல."

"எப்படிப் பாக்கறீங்க?"

"ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கச் சொன்னாங்க. இருக்கறதே ரெண்டு, அதுல ஒண்ணை மூடிட்டுப் பாத்தா என்ன தெரியும்? நான் ரெண்டையும் நல்லா முழிச்சுத்தான் பாக்கறேன்."

அம்மாவின் கை நின்றது.

முறத்தைத் தள்ளிவைத்தாள். எழுந்து வந்து, வடிவழகியின் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். அவளுடைய வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"இப்பப் பாருங்க."

பச்சை மொச்சை வாசம். வடிவழகி தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

நடுவில் இருந்த புள்ளியைக் காணோம். அந்த இடத்தில் சாம்பல் அப்பினாற்போல ஒரு கறை. சுற்றியிருந்த கோடுகள் ஈரத்தில் கிடந்த அப்பளம்போல நெளிந்து நெளிந்து அதற்குள் போயின. பார்வையை மேலே நகர்த்தினாள். கறையும் கூடவே வந்தது.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். காது தெரிந்தது. தோள் தெரிந்தது. கொண்டைகூடத் தெரிந்தது.

முகம் இல்லை.

"எப்ப இருந்துக்கா?"

"தெரியலையே. எனக்குத் தெரியலையேம்மா."

வடிவழகி தாளை மடியில் போட்டாள்.

"கையை எடுங்கம்மா."

அம்மா எடுக்கவில்லை.

"எடுத்துடுங்கம்மா. பயமா இருக்கு."

"எடுத்தா எல்லாம் மறுபடி நேராயிடும்க்கா. எடுக்கவா?"

வடிவழகியின் கை மேலே போனது. தள்ளிவிடத்தான் போனது. அம்மாவின் விரல்கள்மேல் பட்டதும் அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கையைத் தன் கண்ணோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"இப்பக் கிளம்பினா டாக்டரம்மா இருப்பாங்களா?" என்று கேட்டாள்.