நூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு தர்பார்

செம்மணல்கோட்டை என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. மூன்று மலை, ஓர் ஆறு, ஒரு யானை. யானைக்கும் வயசாகிவிட்டது. அதை ஆண்டவர் விக்கிரம பூபதி மகாராஜா. அவரைச் சிரிக்க வைத்தே வயிறு வளர்த்தவன் சபையின் விகடகவி கோடிலிங்கம்.

பேசும்படம் வந்த புதிது. ஆளுக்கு ஆள் புராணமாகவே எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். போன யுகத்தை எல்லாரும் எடுத்தாயிற்று, இனி வரப்போகிற காலத்தை நாம் எடுப்போம் என்று கோடிலிங்கம் ராஜாவின் காதில் போட்டுவைத்தான். ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. யானைக் கொட்டாரம் ஸ்டுடியோவாக மாறியது. கயிற்றில் தொங்கும் ஆகாயப் பல்லக்கு, சோற்றுக்குப் பதில் ஒரே ஒரு மாத்திரை, தகரத்துக்குள் ஆள் புகுந்து நடக்கும் இரும்புச் சேவகன், எல்லாம் தயார். எல்லாரும் பாடினார்கள். இரும்புச் சேவகனும் பாடினான், பாடி முடித்து உள்ளேயே வெந்து மயங்கி விழுந்தான். படத்துக்கு மொத்தம் நாற்பது பாட்டு என்று ஏற்பாடு.

திவான் சேஷகிரி ராவுக்குக் கோடிலிங்கத்தைக் கண்டாலே ஆகாது. ஆகாயத்தில் பறக்கிற அவசரக்காரர்களுக்கு நாற்பது பாட்டுப் பாட நேரம் ஏது என்று முதலில் கேலி செய்தார். அது எடுபடவில்லை. பிறகு ஒருநாள், இன்னும் எடுக்காமல் பாக்கியிருந்த தர்பார் காட்சியைப் பற்றி ராஜாவிடம் மெல்லக் கிளறிவிட்டார்.

ராஜா கோடிலிங்கத்தைக் கூப்பிட்டனுப்பினார். முகம் சரியில்லை.

"ஏன்டா, நூறு வருஷம் கழிச்சு அந்தச் சிம்மாசனத்துல யாருடா உட்கார்ந்திருப்பான்?"

கோடிலிங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். வேறொருவனை உட்கார வைத்தால் மகாராஜா காலமாகிவிட்டார் என்று அர்த்தம். அதைவிட அபசகுனம் வேண்டாம். மகாராஜாவையே உட்கார வைத்தால் நூற்றைம்பது வயசுக் கிழவராகக் காட்ட வேண்டும். மீசைக்கு மை பூசுகிறவர் அதற்குச் சம்மதிப்பாரா? சிம்மாசனமே வேண்டாமென்றால் ராஜத்துரோகம். இந்த மூன்றும் இல்லாமல் காட்சியை எடுக்க வேண்டும், முடியாவிட்டால் படச்சுருள் முழுக்க வெந்நீர் அடுப்புக்கு, கோடிலிங்கம் எல்லைக்கு அப்பால், என்று ராஜா தீர்த்துச் சொல்லிவிட்டார். திவான் பக்கத்தில் நின்று தாம்பூலம் மென்றுகொண்டிருந்தார்.

கோடிலிங்கம் நிஜமாகவே பயந்துபோனான். ராஜாவைச் சிரிக்க வைப்பதைத் தவிர அவனுக்கு ஒரு தொழிலும் தெரியாது. எல்லைக்கு அப்பால் யாரும் ராஜா இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் தர்பாருக்குப் போனான். இந்தத் தர்பாருக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. ராஜா எண்ணெய் ஸ்நானத்துக்கு மணையில் உட்கார்ந்த உடனே, இங்கே கட்டியக்காரன் வெள்ளித்தடியைத் தட்டி, "மகாராஜா வந்துகொண்டிருக்கிறார்" என்று முழங்கிவிடுவான். சபை எழுந்துவிட வேண்டும். ராஜா வந்து சிம்மாசனத்தில் உட்காரும்வரை யாரும் உட்காரக் கூடாது. முந்தைய திவான் முழங்கால் வலி தாங்காமல் ஒருதரம் உட்கார்ந்தார், அன்றோடு அவர் முந்தைய திவான் ஆனார். அன்றும் அப்படித்தான் எல்லாரும் நின்றார்கள், வெகுநேரம் நின்றார்கள். நின்றபடியே கோடிலிங்கம் மெல்லச் சிரித்துக்கொண்டான். அன்று மாலையே கட்டியக்காரனை யானைக் கொட்டாரத்துக்குக் கையோடு அழைத்துப்போய்விட்டான்.

படம் காட்டும் நாள் வந்தது. அரண்மனை முற்றத்தில் பந்தல் போட்டுத் திரை கட்டியிருந்தார்கள். சோபாவில் மகாராஜா, பக்கத்து நாற்காலியில் திவான், பின்னால் ஊரே மணலில். படம் ஓடியது. ஆகாயப் பல்லக்கைக் கண்டு ஜனங்கள் வாய் பிளந்தார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு தாத்தா ஏப்பம் விட்டதும் பந்தலே சிரித்தது.

தர்பார் வந்தது. சிம்மாசனம் காலி.

திவான் ராஜாவின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரையில் கட்டியக்காரன் தோன்றி வெள்ளித்தடியைத் தட்டினான்.

"மகாராஜா வந்துகொண்டிருக்கிறார்."

பந்தல் முழுக்க எழுந்து நின்றது. திவானும் துள்ளி எழுந்துவிட்டார். பழகிய குரல், பழகிய கால். எழுந்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஆனால் முதலில் உட்காருகிறவன் யார்? திரையில் இருக்கும் சிம்மாசனத்தில் மகாராஜா இன்னும் உட்காரவில்லையே. திவானுக்கு முந்தைய திவானின் ஞாபகம் வந்திருக்க வேண்டும், நின்றுகொண்டே இருந்தார்.

திரையிலும் நின்றார்கள். ஒரு மந்திரி கால் மாற்றி நின்றார். ஒருவர் நின்றபடியே தூங்கினார். இரும்புச் சேவகன் ஒரு பாட்டுப் பாடினான், நாட்டியக்காரி ஒன்று பாடினாள், வானசாஸ்திரி ஒன்று, சமையற்காரன் ஒன்று. ஆகாயப் பல்லக்கு வந்து இறங்கியது. எல்லாரும் கைகூப்பினார்கள். அதிலிருந்து ராஜாவின் துவாலையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் இறங்கிப் போனான். மறுபடி பாட்டு.

ராஜா கண் கொட்டாமல் பார்த்தார். தாம் வருவதற்கு முன் தர்பார் எப்படி இருக்கும் என்பதை அவர் ஜன்மத்தில் பார்த்ததில்லை.

மங்களம் பாடிப் படம் முடிந்தது. சிம்மாசனம் அப்போதும் காலி.

ராஜா முதலில் திவானைப் பார்த்தார். "நீர் ஏன் ஓய் நின்னீர்?"

திவான் தொடையைத் தேய்த்தபடி, மகாராஜா எழுந்தருளப் போவதாக அறிவிப்பு வந்தது, அதனால் நின்றேன் என்றார்.

"அப்போ நூறு வருஷம் கழிச்சும் நான்தான் ராஜா. திவானே ஒத்துக்கிட்டாச்சு." ராஜா கோடிலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "அது சரிடா. ஆனா படம் முடியறவரைக்கும் நான் வரவே இல்லையே?"

"மகாராஜா ஸ்நானத்துல இருக்கீங்க. சீக்கிரம் வந்துடுவீங்கன்னு நம்பி நாற்பது பாட்டோட நிறுத்திட்டேன்."

முதலில் ராஜாவின் தொந்திதான் குலுங்கியது, பிறகு சோபா குலுங்கியது. கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, நாளைக் காலை தர்பார் கூடினதும் முதல் காரியமாகக் கோடிலிங்கத்துக்குப் பட்டுச் சால்வை போர்த்துவேன் என்று அறிவித்தார்.

மறுநாள் கோடிலிங்கம் வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டான், ஒரு தூக்கம் தூங்கினான், பிறகு சால்வையை வாங்கக் கிளம்பினான். அப்படியும் மகாராஜாவுக்கு முன்னால் அவன்தான் போய்ச் சேர்ந்தான்.