மாவு நனைந்த நெற்றி

ரொம்பக் காலத்துக்கு முன்னே, குருந்தூர் நாட்டைக் கடம்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் மறந்துவிடுவான். அவன் மறக்காத சட்டம் ஒன்றே ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவரின் நெற்றியில் அரிசி மாவைப் பூசி, அரண்மனை முற்றத்துக் கல்லின் மேல் உச்சி வெயிலில் நிறுத்துவார்கள். அவர், "நான் செய்யவில்லை" என்று சொல்ல வேண்டும். மாவு நனைந்தால் சொன்னது பொய். உடனே நாடு கடத்தல்.

இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவர் அரசவைப் புலவர் மாதவராயர்.

அந்தச் சித்திரையில் கல்லில் நின்றவள் சமையல்காரி தையல்நாயகி. முந்தின நாள் ராஜாவுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. "கஞ்சியில் விஷம்" என்றார் மாதவராயர். தம் பாட்டுக்குத் தலையாட்டாத ராஜா அவளுடைய மிளகு ரசத்துக்குத் தலையாட்டியதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

தையல்நாயகிக்குப் பயமில்லை. தப்பு செய்யவில்லை, பிறகென்ன?

"நான் செய்யவில்லை" என்றாள்.

ஒரு துளி அவள் மூக்கின் மேல் வழிந்தது. வெள்ளையாக.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னது சத்தியம். அப்படியிருந்தும் மாவு நனைந்துவிட்டது. இதுவரை பதினேழு பேருக்கு அந்த மாவை இடித்துக் கொடுத்தவளே அவள்தான். 'பொய்யர்கள்' என்று அவர்களை மனசுக்குள் ஏசியும் இருக்கிறாள்.

"பார்த்தீர்களா, மகாராஜா?" என்றார் மாதவராயர், பந்தல் நிழலில் நின்றபடி.

"கிளம்பு, தையல்நாயகி. உன் ரசம் எனக்கு இனி இல்லை" என்றான் ராஜா வருத்தமாக.

"போகிறேன், மகாராஜா. அதற்கு முன்னால் பந்தலில் நிற்கும் அந்தப் பாவை விளக்குக்கும் ஒருமுறை மாவு பூசிப் பாருங்கள். அதுவும் நேற்றுச் சமையலறை வாசலில்தான் நின்றது."

சபை சிரித்தது. வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். வெண்கலப் பாவையைத் தூக்கி வந்து வெயிலில் வைத்தார்கள். ஒரு நாழிகை கழிந்தும் மாவு காய்ந்தபடியே இருந்தது.

"பொய் சொல்லாத பாவை" என்று ராஜா அதன் கன்னத்தைத் தட்டினான். மறுகணம் கையை உதறினான். விரல் சிவந்துவிட்டது.

"வெயில் ஏற ஏற அதுவும் சுடுகிறது. அதற்கு வியர்க்கத் தெரியாது" என்றாள் தையல்நாயகி. "நானும் அதே வெயிலில்தான் நிற்கிறேன். என் கையைத் தொட்டுப் பாருங்கள்."

தொட்டான். ஈரமாக இருந்தது, சுடவில்லை.

"அடுப்படியில் பார்த்ததைச் சொல்கிறேன், மகாராஜா. கரண்டி கொதிக்கும், நான் கொதிப்பதில்லை. வியர்வை காயும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. மார்கழியில் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்குகிறது. உள்ளே இருக்கும் சூடு கொஞ்சம் ஏறினாலும் காய்ச்சல் வந்து பிதற்றுகிறோம். அதனால் உயிருள்ள உடம்பு அதை ஏறவும் விடாது, இறங்கவும் விடாது."

"அடுப்படி வைத்தியம்" என்றார் மாதவராயர். "மெய் பேசுகிறவனுக்கு வியர்க்காது, அரசே."

"அப்படியானால் மகாராஜாவே ஒரு மெய் சொல்லட்டும், ஐயா" என்றாள் அவள்.

ராஜா அவளை முறைத்தான். பிறகு நெற்றியில் மாவைப் பூசிக்கொண்டு கல்லில் ஏறினான்.

"இந்த நாட்டுக்கு ராஜா நான்" என்றான்.

கொஞ்ச நேரத்தில் மாவு கரைந்து அவன் மீசையில் சொட்டியது.

"புலவரே," என்றான் ராஜா மெல்ல, "நான் சொன்னது பொய்யா?"

மாதவராயர் வாயைத் திறந்தார். பொய் என்றால் தலை போகும். மெய் என்றால் சோதனை போகும்.

"மாவு... பழைய மாவு, அரசே."

"இன்று காலை இடித்தது, ஐயா" என்றாள் தையல்நாயகி.

ராஜா கல்லிலிருந்து இறங்கவில்லை. அவன் முகம் வெளிறியிருந்தது.

"வயிற்றுவலிக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் முப்பது பலாச்சுளை தின்றேன்" என்றான். "அது போகட்டும். அந்தப் பதினேழு பேர்?"



அன்றே அவர்களை அழைத்துவர எல்லைக்குத் தேர்கள் பறந்தன. தையல்நாயகிக்கு அமைச்சர் பதவி. சோதனைக் கல் பெயர்த்து எறியப்பட்டது. திரும்பி வரும் ஒவ்வொருவருக்கும் கோட்டை வாசலில் வியர்வை அடங்கும்வரை மாதவராயர் விசிற வேண்டும் என்பது தீர்ப்பு.

முதலில் வந்தவர் தோட்டக்காரர் பெரியாண்டி. கொஞ்ச நேரம் விசிறிக் காற்றை வாங்கிக்கொண்டார். பிறகு மாதவராயரின் கையிலிருந்து விசிறியை எடுத்தார்.

"இப்படி நிழலுக்கு வாருங்கள், புலவரே. உங்களுக்கு ரொம்ப வியர்க்கிறது" என்று சொல்லி, அவருக்கு விசிறத் தொடங்கினார்.