மூன்று அண்ணன் தம்பிகளும் ஒரு வைஃபை டிரைவரும்

சுரண்டைப் பக்கம் மாவு மில் வைத்திருந்த மூன்று அண்ணன் தம்பிகளுக்கு மூளை குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் யோசிக்காமல் எதையும் செய்ததே இல்லை. அங்கேதான் சிக்கல்.

மூத்தவர் உச்சிமாகாளி. நடுவுள்ளவர் பட்டமுத்து. கடைசித் தம்பி வேம்புக்கு வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. இதுவரை பார்த்த பெண் வீட்டுக்காரர்கள் எல்லோரும் "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக மும்பையிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா ஆவுடையப்பன் பழைய பட்டாளத்துக்காரர். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கம்ப்யூட்டர்ல மாப்பிள்ளை முகத்தைக் காட்டுங்க. காட்டலைன்னா அடுத்த வரனைப் பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு மதியம் கம்ப்யூட்டரில் வைஃபை குறி காணாமல் போனது. உச்சிமாகாளி தன் பட்டன் போனில் கம்ப்யூட்டர் கடை சேர்மதுரையைக் கூப்பிட்டார்.

"வைஃபை டிரைவர் கெட்டிருக்கும் அண்ணாச்சி. அது ஒரு சாஃப்ட்வேர். புதுசு நெட்டுல கிடைக்கும்."

"நெட்டு வரலைன்னுதானப்பா உன்னைக் கூப்பிட்டேன்?"

"டிரைவர் போட்டா வந்துரும்."

போனை மூடிவிட்டு மூவரும் ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

"டிரைவர் இல்லாம நெட்டு வராது. நெட்டு இல்லாம டிரைவர் வராது. அப்போ ரெண்டுல எது முதல்ல வந்துச்சு?" என்றார் பட்டமுத்து.

"கரண்டு பில்லுதாம்லே முதல்ல வந்துச்சு" என்றார் உச்சிமாகாளி.

மறுபடி போன். சேர்மதுரை பொறுமைசாலி. "நானே பென்டிரைவ்ல போட்டுத் தாரேன். யாராவது வந்து வாங்கிக்கிடுங்க. அதுக்குள்ள பழைய டிரைவரைச் சுத்தமா எடுத்துருங்க. துளி மிச்சம் இருந்தாலும் புதுசு ஏறாது."

பட்டமுத்து சைக்கிளில் கிளம்பினார். மற்ற இருவருக்கும் இந்த வேலை ஒன்றும் புதிதில்லை. மிளகாய் அரைத்த மில்லில் அப்படியே கோதுமையைப் போட முடியுமா? நடுவில் ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டினால் பழைய காரமெல்லாம் அதோடு வந்துவிடும்.

"புழுங்கலரிசியாண்ணே, பச்சரிசியா?"

"நல்ல காரியம்லே. பச்சரிசி."

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் இருந்த ஓட்டை வழியாக ஒரு பிடி பச்சரிசி உள்ளே போனது. மாவைப் பிடிக்க வேம்பு கீழே ஒரு ஏனத்தை வைத்தான். சுவிட்சைப் போட்டதும் கரகரவென்று சத்தம் வந்தது.

"கேட்டியா? நல்லா அரைக்குது."

பிறகு லேசான புகை. திரை கறுத்துப்போனது.

"சுத்தமாயிட்டு" என்றார் உச்சிமாகாளி.

பட்டமுத்து வந்து பென்டிரைவைச் செருகினார். நாலு மணிக்குள் மூவரும் குளித்து, விபூதி பூசி, வேம்பை நடுவில் வைத்துத் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். ஜன்னல் வெயில் முகத்தில் அடித்தது. கறுத்த திரையில் மெல்ல மூன்று உருவங்கள் தெரிந்தன.

"வந்துட்டாங்க! கும்பிடுங்கலே!"

கும்பிட்டார்கள். அந்தப் பக்கமும் கும்பிட்டார்கள்.

"மரியாதையான குடும்பம். நம்ம கை சேருமுன்ன அவங்க கை சேந்துட்டு பாரு."

"பொண்ணு எதுண்ணே?"

"நடுவுல உக்காந்திருக்கதுதான். பொண்ணை வேற எங்க உக்கார வைப்பாங்க?"

வேம்பு வெட்கத்தில் தலை குனிந்தான். பெண்ணும் குனிந்தது.

"மீசை இருக்குதேண்ணே" என்றார் பட்டமுத்து.

"மும்பைல அப்படி இருக்கும்லே."

"எனக்குச் சம்மதம்ணே" என்றான் வேம்பு. "நான் சிரிச்சா சிரிக்குது, தலையாட்டுனா தலையாட்டுது. எதுத்து ஒரு வார்த்தை பேசலை."

அப்போது போன் அடித்தது. ஆவுடையப்பன்.

"ஹலோ! நான் ஒத்தையா கேமரா முன்னால உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சு. உங்களை ஒண்ணும் தெரியலையே?"

"எங்களுக்கு நல்லாத் தெரியுது சம்பந்தி. முழுச் சம்மதம். ஒரே ஒரு குறை. அந்த மீசையை மட்டும் எடுத்துரணும்."

மும்பையில் ஆவுடையப்பனின் கை மீசைக்குப் போனது. அந்த வீட்டில் இருந்தது ஒரே மீசை. எல்லைக் காவலில் நின்றபோது வளர்த்தது.

"எடுத்தாத்தான் கல்யாணமா?"

"ஆமா. மணவறையில நல்லா இருக்காதுல்லா?"

ஆவுடையப்பன் ஒரு பெருமூச்சு விட்டார். "எம் மகளுக்காக எடுத்துருதேன். மாப்பிள்ளை முகத்தைக் கல்யாணத்துல பாத்துக்கிடுதேன்."

முகூர்த்தத்தன்று மழுங்கச் சிரைத்த மேலுதட்டைத் தடவியபடி அவர் ஓரமாக நின்றார். மணவறையில் வேம்பு தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு பெண்ணை உற்றுப் பார்த்தான். முகம் வாடியது. அண்ணன் காதில் குசுகுசுத்தான்:

"அண்ணே, நான் பாத்த பொண்ணு இது இல்லையே!"

"மீசையை எடுத்தா ஆளே மாறித்தான் தெரியும்லே" என்றார் உச்சிமாகாளி. "தாலியைக் கட்டு."