பதினான்காம் அடிக்குறிப்பு

ஒரே கன்றுக்கு இரண்டு பேர் கயிறு நீட்டினால் அவிழ்த்துவிட்டுப் பார்க்கலாம். கன்று தன் தாயிடம் போய் நிற்கும். ஒரே கட்டுரைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால்? காகிதத்துக்குக் கால் ஏது! இது அப்படி ஒரு வழக்கு.

கோகிலவாணி, கொங்குநாட்டுக் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறை ஆய்வு மாணவி. மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசும் பேரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். சாணியிலும் சேற்றிலும் நின்று, தரகர்களிடம் கெஞ்சி, திட்டு வாங்கி, திருப்பித் திட்டிச் சேர்த்த சரக்கு அது. துறை வெளியிடும் தொகுப்பில் கட்டுரை அச்சேறினால்தான் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியும். இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

எழுத்து அவளுக்கு வந்தது; அடிக்குறிப்புதான் வரவில்லை. ஆசிரியர் பெயர் முதலிலா, நூலின் பெயர் முதலிலா, இங்கே காற்புள்ளியா, அங்கே முற்றுப்புள்ளியா என்று தலை சுற்றியது. உடன் ஆய்வு செய்யும் வசுந்தரா அந்த வேலையில் கெட்டிக்காரி, வயதிலும் மூத்தவள். அவளிடம் போனாள்.

“இங்க பாரு வாணி. இந்தக் குறிப்புல மாவட்டக் கையேடு, பக்கம் 209-னு எழுதியிருக்கே. அடுத்த குறிப்புலயும் அதே புஸ்தகத்தோட ஜாதகத்தையே மறுபடி எழுதியிருக்கே. எதுக்கு? ‘மேலது, ப. 212’, அவ்வளவுதான். மேல சொன்ன அதே புஸ்தகம்னு அர்த்தம்.”

“அட, இது தெரியாம கை ஒடிய எழுதினனே அக்கா!”

“கையெழுத்துப் படியக் குடுத்துட்டுப் போ. நானே தட்டச்சு பண்ணி, துணைநூற்பட்டியலும் போட்டுத் தர்றேன்.”

சும்மா வாங்கிக்கொள்ள வாணிக்கு மனம் வரவில்லை. வசுந்தராவின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். “நீங்க இதப் பாருங்க, அம்மாவ நான் பாத்துக்கறேன்” என்று போய் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி ஊட்டினாள், துணி அலசினாள், தோள் கொடுத்து நடக்க வைத்தாள். அதுவும் போதாதென்று, கையெழுத்துப் படியைக் கொடுக்கும்போதே முதல் அடிக்குறிப்பாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘அடிக்குறிப்புகளை ஒழுங்குசெய்து தந்த வசுந்தரா அவர்களுக்கு நன்றி.’

வசுந்தரா ஆஸ்பத்திரிக்கே வந்து அச்சுப்படியைக் கொடுத்தாள். வாணி அதைத் துறைக்கு அனுப்பிவைத்தாள்.

ஒரு வாரத்தில் தொகுப்பின் பதிப்பாசிரியர் பேராசிரியர் திருஞானம் இருவரையும் அழைத்தார். அவர் மேசையில் ஒரே கட்டுரை, இரண்டு பெயர்களில்.

“திருடினது யாருன்னு தெரிஞ்சா அவங்க ஆய்வுப் பதிவே ரத்து. யார் பேசறீங்க?”

வசுந்தரா முந்திக்கொண்டாள். “ஐயா, சந்தைக்குப் போனது வாணிதான், இல்லைங்கல. நான் அனுப்பித்தான் போனா. எழுதினது நான். என் படியை வாங்கி, ஐயாவோட நூலைச் சொன்ன குறிப்பை வெட்டிட்டுத் தன் பேரைப் போட்டுக்கிட்டா. முதன்முதல்ல நான் எழுதினப்பவே அந்தக் குறிப்பு இருந்துச்சுங்கய்யா.”

“கையெழுத்துப் படி எங்கேம்மா?”

“அக்காகிட்டத்தாங்கய்யா குடுத்தேன்.”

“எங்கிட்ட ஏது?” என்றாள் வசுந்தரா, கண் இமைக்காமல்.

வாணி அவள் பக்கம் திரும்பினாள். “ஏனுங்கக்கா, உங்கம்மாவுக்கு நான் துணி அலசிட்டிருந்தப்போ நீங்க உக்காந்து இதையா செஞ்சுட்டிருந்தீங்க?”

“பேச்சை மாத்தாதே” என்றாள் வசுந்தரா.

பேராசிரியர் இரண்டு படிகளையும் புரட்டினார். இரண்டிலும் அடிக்குறிப்புகள் முப்பத்தொன்றுதான். வசுந்தராவின் படியில் நன்றி வரி இல்லை. அதன் பதினான்காம் குறிப்பை வாய்விட்டே படித்தார்: “திருஞானம், ‘கொங்குச் சந்தைகள்: ஓர் அறிமுகம்’, ப. 17. மாவட்டக் கையேட்டுக்கு அடுத்த குறிப்பே நம்ம நூலா!” முகம் மலர்ந்தது. யாருக்குத்தான் மலராது? அவருடைய மணிவிழாவில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்த நூல் அது. அறுபத்துநாலு பக்கம், பின்னட்டையில் அவர் படம். அதைப் படித்த ஆளை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

தராசு எந்தப் பக்கம் சாய்கிறதென்று வாணிக்குத் தெரிந்துபோயிற்று. அவர் அலமாரியிலிருந்து அந்தச் சிறுநூலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு வசுந்தராவின் படியில் ஓரிடத்தில் விரலை ஊன்றினாள். சந்தைத் தரகர்போலத் துண்டு போட்டு மூடவில்லை. எல்லோரும் பார்க்கத்தான் ஊன்றினாள்.

“ஐயா, இதப் படிங்க. படிச்சுட்டு, அந்தப் பக்கத்த எனக்கு எடுத்துக் காட்டுங்க.”

பேராசிரியர் நூலை எடுத்தார், புரட்டினார், கீழே வைத்தார். வழக்கு முடிந்தது.

கேட்கிறேன், சொல்லுங்கள்: வாணியின் விரல் ஊன்றியது எந்த இடத்தில்? எது மூலம், எது நகல் என்பதை அந்த இடம் எப்படிச் சொல்லிற்று?

விடை: பதினைந்தாம் குறிப்பில். ‘மேலது, ப. 212’ என்று இரண்டு படிகளிலும் எழுத்து மாறாமல் இருந்தது. வாணியின் படியில் அதற்கு மேலே இருந்தது மாவட்டக் கையேடு, பக்கம் சரி. வசுந்தராவின் படியில் மேலே இருந்தது ஐயாவின் சிறுநூல். அறுபத்துநாலு பக்க நூலில் 212-ஆம் பக்கத்துக்கு எங்கே போவது? ஐயாவின் நூலைச் சொல்லும் குறிப்பு முதலிலேயே இருந்திருந்தால் அதன் கீழே ‘மேலது’ வந்திருக்காது. ஆக, அது பின்னால் செருகியது. அது இல்லாத படிதான் மூலம். நன்றியைத் தூக்கிவிட்டு ஐயாவைச் செருகியதில் எண்ணிக்கை சரிக்குச் சரியாயிற்று. எண்களைக் கணினியும் தானே மாற்றிக்கொண்டது. ‘மேலது’ எந்த நூலைச் சொல்கிறதென்று கணினிக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தவளுக்கு ஐயாவைக் குளிர்விக்கும் அவசரத்தில் மறந்துபோயிற்று. “அந்த நன்றிக் குறிப்பை எடுத்துடலாமாம்மா?” என்று பேராசிரியர் கேட்டார். “வேண்டாமுங்கய்யா” என்றாள் வாணி. “அக்கா செஞ்ச வேலைக்கு அக்கா பேரு இருக்கட்டும். அதை வெட்டினா நானும் அவங்களாட்டமே ஆயிருவேன்.”