ஜெய்த்தூன் வயிறு தள்ளிவிட்ட சூரியன்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதுல ஒரு எழுத்து பொய்யின்னா நாளைக்கே என் மீசை வாலா முளைக்கட்டும்! சிரிக்காத. கண்ண மூடிக்க.

ஒரு ஊர்ல ஒரு மூணுமுக்கு ரோடு. ஒரு முக்குல அம்மன் கோயில், ஒரு முக்குல பள்ளிவாசல், இன்னொண்ணுல மாதா கோயில். அந்த ஊர் மரியாதை மாதிரி உலகத்துல எங்கயும் கிடையாது. எதிரெதிர ரெண்டு பேரு வந்துட்டா, "நீங்க முதல்ல", "ஐயையோ, நீங்க முதல்ல"ன்னு சொல்லியே பொழுது போயிடும். ம்?

அங்க ஜெய்த்தூன்னு ஒரு பொண்ணு. உன் வயசுதான். அன்னைக்கு அவளுக்கு முதல் நோன்பு. விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டவ, அப்புறம் பச்சத்தண்ணிகூடத் தொடல. சூரியன் மறைஞ்சு, பள்ளிவாசல் மோதினார் சேகனா பாய் தொழுகைக்குக் கூப்பிட்டு பாங்கு சொன்னாத்தான் நோன்பு திறக்கலாம். சூரியன் பனங்காட்டு மேல இறங்கிடுச்சு. பள்ளிவாசல் திண்ணையில அவ முன்னாடி கஞ்சி ஆவி பறக்குது.

அப்போ பாத்து, திடும் திடும்னு மாடு பூட்டின அம்மன் சப்பரம் முக்குக்கு வந்துடுச்சு. பள்ளிவாசலைப் பாத்ததும் தவில்காரர் குற்றாலிங்கம் கைய நிறுத்திட்டாரு. "பாய், பாங்கு நேரமாச்சே. நீங்க முதல்ல."

"அண்ணாச்சி, அம்மன நடுரோட்டுல நிறுத்திட்டு நான் வாயத் திறப்பேனா? நீங்க போங்க"ன்னாரு சேகனா பாய்.

மாதா கோயில்ல மணிக்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மிக்கேல், "ரெண்டு பேரும் முடிங்கய்யா, நான் அப்புறமா அடிக்கிறேன்"னாரு.

யாரும் அசையல. சூரியன் பாத்துச்சு. "இவ்வளவு பெரிய மனுஷங்க நிக்கிறப்ப நான் மட்டும் முந்திக்கிட்டுப் போறதா? சீச்சீ!"ன்னு ஒரு பனமட்டையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தொங்கிடுச்சு! சத்தியமாங்கறேன்!

ஜெய்த்தூனுக்கு உதடு காஞ்சு வெளுத்துப் போச்சு.

குற்றாலிங்கம் துண்டை வீசி, "கிளம்பு சாமி"ன்னாரு. "நீங்க முதல்ல"ன்னுது சூரியன். அப்புறம் சேகனா பாய், "புள்ள பசியில இருக்குப்பா, போ"ன்னு கெஞ்சினாரு. "நீங்க முதல்ல"ன்னுது. அப்புறம் மிக்கேல் மணிமேடையில ஏறி நீளக் கம்பால நெம்பினாரு. கம்பு புஸ்ஸுன்னு கருகிடுச்சு.

குற்றாலிங்கத்துக்குப் பதறுது. "ஏ புள்ள, மயங்கி விழுந்துடுவே. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இன்னும் மறையல மாமா. இது என் நோன்பு. விடமாட்டேன்."

வாய் அப்படிச் சொல்லிடுச்சு. வயிறு சும்மா இருக்குமா? ம்? கடமுடா... கடமுடா... கடமுடா!

அந்தச் சத்தத்துல சப்பரத்து மாடு மிரண்டு எடுத்துச்சு பாரு ஓட்டம்! தவிலோட பின்னாடியே குற்றாலிங்கம். திடும் திடும்! பதறிப்போன மிக்கேல் கயித்தை இழுக்க, டாண்! "அப்பாடா, கிளம்பிட்டாங்க"ன்னு சூரியன் மட்டையை விட்டுச்சு. தொபுக்கடீர்! ஊரே இருட்டு. அப்புறம்தான் சேகனா பாய் குரல், தேன் மாதிரி, பாங்கு சொல்லுச்சு.

முடிஞ்சுதுன்னு பாக்கிறியா? குற்றாலிங்கம் வீட்டுப் பானகத்தோட ஓடி வராரு. மிக்கேல் எலுமிச்சை ஜூஸோட வராரு.

"கஞ்சிதான் முதல்ல"ன்னாரு குற்றாலிங்கம்.

"இல்லண்ணாச்சி, உங்க பானகம் முதல்ல."

"என் ஜூஸு கடைசியா இருக்கட்டும்யா."

"போதும் உங்க மரியாதை!"ன்னு கத்தினா ஜெய்த்தூன். மூணையும் பிடுங்கி ஒரே சட்டியில ஊத்தி, மடக் மடக் மடக்!

"எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டாங்க மூணு பேரும்.

"கண்றாவியா இருக்கு"ன்னா. "இன்னும் ஊத்துங்க!"

இப்பவும் அந்த ஊர்ல முதல் நோன்பு வைக்கிற புள்ளைங்களுக்கு அந்தக் கலவைதான். மூஞ்சியைச் சுளிச்சுக்குவாங்க, நெஞ்சை நிமித்திக்குவாங்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாங்க. வேற எந்த ஊருக்கு அந்தக் குடுப்பினை இருக்கு?

கதை கரைஞ்சாச்சு, போர்வைக்குள்ள போயிடு. யாரு சொன்னதுன்னு மட்டும் மூச்சு விடாத. அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வரமாட்டாங்க, விருந்துக்குக் கூப்பிடுவாங்க. யார் வீட்டுல முதல்லன்னு அவங்க முடிவு பண்றதுக்குள்ள நான் பட்டினியில போய்ச் சேந்துடுவேன்.