கரைந்த எலும்பைக் காய்ச்சி எடுத்தவர்கள்

ஓடைக்கல்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்வார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதியில் ஒன்றைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அந்த ஊரில் ஒரு பேண்டு செட் உண்டு. நாலே பேர். தலைவர் ராயப்பன், டிரம்பெட் ஊதுவார். இன்னாசி பெரிய டிரம் அடிப்பான். சூசைக்கு கிளாரினெட். தைனேஸ் ஜால்ரா அடிப்பான், வாத்தியத்தைத்தான் சொல்கிறேன்.

மூன்று பேருக்கும் ராயப்பன் என்றால் உயிர். அவர் சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். ஒரு கல்யாணத்தில் பாட்டுக்கு நடுவே, "அப்படியே இருங்க, இந்தா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ராயப்பன் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது இன்னாசி ஓங்கிய கோலோடு அப்படியே நின்றிருந்தான். சூசை ஊதிய கன்னத்தோடு நின்றிருந்தான். ராயப்பன் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட ராயப்பனுக்கு ஈறு கெட்டுப்போனது.

பல் தேய்த்துத் துப்பினால் ரொம்ப நாளாகவே சிவப்பாகத்தான் வந்தது. வெற்றிலை புகையிலை போடுகிற வாய் என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பயிற்சியின்போது டிரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தினார். மேல் வரிசை முன்பல் இரண்டும் உள்ளே நகர்ந்து வழிவிட்டன. சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. ராயப்பன் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அருளானந்தபுரம் மாதா கோவில் கொடியேற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. முப்பது வருஷமாக அங்கே அவர்தான் ஊதுகிறார்.

நாலு பேரும் பஸ் ஏறி டவுனுக்குப் போய் பல் டாக்டர் பூங்கோதையைப் பார்த்தார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் விட்டு ஆழம் பார்த்தார். ராயப்பனின் வாய் நிறையப் பஞ்சு. பயத்தில் காதும் அடைத்திருந்தது. அதனால் டாக்டரம்மா விஷயத்தைப் பக்கத்தில் நின்ற மூவரிடமும் சொன்னார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

"ஈறு இறங்கியிருக்கு. உள்ளே பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரைஞ்சிருக்கு. அதனாலதான் பல்லு ஆடுது. விட்டா விழுந்துடும். ஆனா இப்பவே வைத்தியம் பார்த்தா காப்பாத்தலாம்."

அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார். அதுவரைக்கும் மூன்று வேலை: மென்மையான பிரஷால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும், புகையிலையை விட்டுவிட வேண்டும், காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மறந்துபோகாமல் இருக்க மூவரும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். வட்டம் சூசைக்கு. புகையிலை இன்னாசிக்கு. உப்புத் தண்ணீர் தைனேஸுக்கு.

திரும்பி வருகிற பஸ்ஸில் நோயைப் பற்றி ஆலோசனை நடந்தது.

"பல்லு எதுக்கு ஆடுது?" என்று கேட்டான் இன்னாசி.

"டிரம் சத்தம் கேட்டா எதுதான் ஆடாது?" என்றான் சூசை. "முப்பது வருஷமா அண்ணன் காதுக்குப் பக்கத்துல நின்னு நீ அடிக்கிறே. பல்லும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கும்?"

இன்னாசிக்கு முகம் சுருங்கிப்போனது. அண்ணனுடைய பல்லை இத்தனை வருஷமாகத் தான்தான் ஆட வைத்துக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. இனிமேல் ஆட்டம் வருகிற மாதிரி எதையும் அடிப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். ராயப்பன் வாத்தியத்தைக் கையில் மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார். கோவிலிலிருந்து பெண் வீடு வரைக்கும் மற்ற மூவரும் சாவு அடக்கத்துக்கு வாசிக்கிற பாட்டாகவே வாசித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, யார் தவறிவிட்டது என்று விசாரித்தாள். யாரும் பதில் சொல்லாததால் நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்கும் என்று அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். நடுவே இன்னாசி வந்து ராயப்பனின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, பல் ஆடாமல் நிற்கிறது என்று சூசைக்குச் சைகை காட்டினான்.

அடுத்தது ஈறு. ஓடைக்கல்பட்டியில் பல்லைப் பிடித்திருப்பதற்கும் ஈரு என்றுதான் பெயர், தலையில் பேன் வைக்கிற முட்டைக்கும் ஈரு என்றுதான் பெயர். டாக்டரம்மா "இறங்கியிருக்கு" என்று சொன்னதால் மூவருக்கும் சந்தேகமே வரவில்லை. தலையில் இருந்த ஈரு வாய்க்கு இறங்கிவிட்டது. எந்த வழியாக இறங்கியது என்பதில்தான் வாக்குவாதம். காது வழி என்றான் சூசை. தைனேஸ் ராயப்பனின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பிடித்துக்கொண்டு இறங்குவதற்கு மீசை ஒன்றுதான் தோதாக இருக்கிறது என்றான்.

அது இருபத்தைந்து வருஷத்து மீசை. டாக்டர் சொன்ன நோய் என்பதால் ராயப்பன் மறுபேச்சு பேசவில்லை. சலூன் கடையில் போய் உட்கார்ந்து எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவி செசிலி வாசலுக்கு வந்து பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டாள்.

பிறகு சூசையின் முறை. ராயப்பன் வீட்டு முற்றத்தில் கோலமாவால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, பிரஷை வாயில் வைத்துத் தேய்த்தபடி அண்ணனை அதன் மேல் நடக்கவிட்டான். டாக்டரம்மா சின்ன வட்டம் என்று சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் வட்டத்தைச் சுருக்கினான். மூன்றாம் நாள் வட்டம் ஒரு தோசை அளவுக்கு வந்துவிட்டது. ராயப்பன் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பல் தேய்த்து, தலை கிறுகிறுத்துக் கோழிக்கூண்டின் மேல் போய் விழுந்தார். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னாசி தன் வேலையில் குறை வைக்கவில்லை. புகையிலையை விட்டுவிட வேண்டும். எங்கே விடுவது என்றுதான் டாக்டரம்மா சொல்லவில்லை. முதல் நாள் புகையிலை டப்பாவை டவுன் பஸ்ஸில் ஒரு ஜன்னலோர சீட்டில் விட்டுவிட்டு வந்தான். டப்பாவின் மேல் ராயப்பன், ஓடைக்கல்பட்டி என்று எழுதியிருந்ததால் கண்டக்டர் அடுத்த டிரிப்பிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இரண்டாம் நாள் சந்தையில் விட்டான். காய்கறி வியாபாரி ஒருவர் சைக்கிளில் தேடி வந்து கொடுத்தார். மூன்றாம் நாள் கோவிலுக்குள் விட்டான். கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளை வாசலில் நின்று கூப்பிட்டுக் கொடுத்தார்.

"நாம விட்டாலும் அது அண்ணனை விடமாட்டேங்குது" என்று இன்னாசி மனம் உடைந்து சொன்னான். ஒவ்வொரு தடவை டப்பா திரும்பி வந்தபோதும், அதை அவமதிக்கக் கூடாது என்று ராயப்பன் ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

மூவரில் உண்மையாகவே யோசிக்கிறவன் தைனேஸ்தான். ராயப்பன் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துச் சாக்கடையில் துப்புவதை முதல் நாள் பார்த்ததுமே ஓடிப்போய்த் தடுத்தான்.

"அண்ணே, எலும்பு கரைஞ்சிருக்குன்னுதானே சொன்னாங்க? காணாமப் போயிருச்சுன்னு சொல்லலையே?"

"சொல்லலை" என்றார் ராயப்பன்.

"சர்க்கரை காப்பியில கரைஞ்சா காப்பியிலதானே இருக்கு? எலும்பு வாயில கரைஞ்சா வாய்த்தண்ணியில இருக்கு. நீங்க அதைச் சாக்கடையில துப்புறீங்க."

ராயப்பன் எத்தனை வருஷத்து எலும்பைத் துப்பித் தொலைத்தோமோ என்று கணக்குப் போட்டுப் பார்த்து முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் கொப்பளித்த தண்ணீர் எல்லாம் ஒரு பழைய அலுமினியச் சட்டிக்குப் போனது. புதன்கிழமை மத்தியானம் செசிலி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டிச் சட்டியை ஏற்றினார்கள். தண்ணீர் வற்ற வற்ற நாலு பேரும் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடியில் வெள்ளைவெளேர் என்று அரைக் கைப்பிடி நின்றது.

இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டான். சூசை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்கிறது என்றான்.

"கரிக்காதா?" என்றான் தைனேஸ். "அண்ணன் உப்புப் போட்டுச் சாப்பிடுற மனுஷன்."

வியாழக்கிழமை ராயப்பன் அந்தப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்து, வழி நெடுக மேலே கை வைத்துப் பிடித்துக்கொண்டு போனார். டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துப் பிரித்துக் காட்டினார்.

"எலும்பு கிடைச்சிருச்சும்மா. எடுத்த இடத்துலயே வச்சுடுங்க. பத்தலைன்னா இன்னும் காய்ச்சித் தரோம்."

பூங்கோதை பொட்டலத்தைப் பார்த்தார். நாலு பேரையும் பார்த்தார். மீசை போன இடத்தையும் நெற்றியில் கோழிக்கூண்டு கீறிய காயத்தையும் பார்த்தார். ஒவ்வொன்றாக விசாரித்தார். மூவரும் ஒன்றையும் மறைக்காமல் பெருமையோடு சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாற்காலியை இழுத்து ராயப்பனுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, இது உப்பு. போன எலும்பு தானா திரும்பி வராது."

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கொடியேற்றத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடட்டுமா என்று தரையைப் பார்த்துக் கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. தைனேஸ் பொட்டலத்தை மெதுவாக மடித்து வைத்தான்.

"போனதுதான் வராது. இருக்கிற எலும்பைக் காப்பாத்த முடியும். அது போதும், பல்லு நிக்கும்" என்றார் பூங்கோதை. "வீட்ல அம்மா இருக்காங்கள்ல? அடுத்த தடவை அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இவங்க மூணு பேரும் வெளியில உட்காரட்டும்."

செசிலி வந்தாள். எல்லாவற்றையும் ஒரே தடவை கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் புகையிலை டப்பாவை அடுப்பில் போட்டாள். அதற்கப்புறம் அது திரும்பி வரவில்லை. காலையும் இரவும் எதிரே நின்று பல் தேய்க்க வைத்தாள். ராயப்பன் நின்றபடி தேய்த்தார். பிரஷ் மட்டும் வட்டமாகச் சுற்றியது. டாக்டரம்மா நாலு தடவை வரவழைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் பல்வேரில் சிமெண்டு மாதிரி படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். ஆடிய முன்பற்களை, பின்பக்கமாக மெல்லிய கம்பி வைத்துப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டினார். நாலாவது வாரம் துப்பினால் எச்சில் எச்சில் நிறத்தில் இருந்தது. ராயப்பன் அதை செசிலியைக் கூப்பிட்டுக் காட்டினார். மீசையும் அரும்பிவிட்டது.

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் டிரம்பெட்டோடு வரச் சொல்லி, அறையிலேயே ஊதிக் காட்டச் சொன்னார் பூங்கோதை. ராயப்பன் உதட்டில் வைத்தார். பல் நகரவில்லை. சத்தம் தெளிவாக வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் திரும்பியபோது டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னார்: முதலில் கொஞ்ச நாளைக்கு மெதுவாக ஊதுங்கள். செசிலி அப்போது மருந்துச்சீட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற சூசைதான் அதைக் கேட்டான்.

அருளானந்தபுரத்தில் பாட்டுக்கு ஏற்றபடிதான் கொடியை ஏற்றுவார்கள். சாமியார் மந்திரித்துக் கையை உயர்த்தினார். கயிறு பிடிக்கிறவர் தயாராக நின்றார். ராயப்பன் முதல் சுரத்தை எடுத்தார். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கணீரென்று எடுத்தார். எடுத்தவர் அதிலேயே நின்றார். இன்னாசி ஓர் அடி அடித்துவிட்டு, நூறு வரைக்கும் எண்ணி அடுத்த அடி அடித்தான். கயிறு பிடித்தவர் ஒரு சாண் இழுத்துவிட்டுக் காத்திருந்தார். வழக்கமாக மூன்று நிமிஷத்தில் ஏறுகிற கொடி அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஏறியது. சாமியார் உயர்த்திய கையை இறக்க முடியாமல் மறுகையால் தாங்கிக்கொண்டு நின்றார். இத்தனை பக்தியோடு கொடி ஏறி இதுவரை பார்த்ததில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். சாமியார் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கோவிலுக்குள் போனார்.

அதற்குப் பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பான உத்தரவு. விட்டால் நோய் திரும்பிவிடும் என்றார். முதல் மூன்று மாதம் முடிந்த அன்று செசிலி தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். நாலு பேர் மட்டும் டவுனுக்குப் போனார்கள். ஒன்பது மணிக்கே போய்விட்டதால் ஆஸ்பத்திரி ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது.

"காட்டச் சொன்னாங்க" என்றான் இன்னாசி. "இருந்து பார்ப்பேன்னு சொன்னாங்களா?"

சொல்லவில்லை. ராயப்பன் ஷட்டருக்கு முன்னால் போய் நின்று, எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி வாயை விரித்துக் காட்டினார். கம்பி போட்ட இடம் தெரிய வேண்டும் என்று பூட்டுப் பக்கமாகக் குனிந்தும் காட்டினார். அண்ணன் தனியாக நிற்பது நன்றாக இல்லை என்று மற்ற மூவரும் பின்னால் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் காட்டினார்கள். ஒரு தடவை போதுமா என்று தெரியாததால் மறுபடியும் வரிசைக்குப் பின்னால் போய் நின்றார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வரிசையைப் பார்த்தார்கள். வரிசை என்றால் ஏதாவது காரணம் இருக்கும். காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் சேர்ந்துகொண்டாள். பிறகு பாங்குக்குப் போக வந்த இரண்டு பேர். பிறகு ஒரு குடும்பம்.

பத்தரை மணிக்கு டாக்டர் பூங்கோதை ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது வரிசை மூலையில் இருந்த டீக்கடையைத் தாண்டியிருந்தது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனார். காய்கறிப் பை அம்மாள் கையை நீட்டித் தடுத்து, வரிசையில் வரச் சொன்னாள்.

"நான்தாம்மா டாக்டர்" என்றார் பூங்கோதை.

"டாக்டரா இருந்துக்கிட்டு நீங்களே வரிசையில வரலைன்னா எப்படிம்மா?" என்றாள் அவள்.

பின்னால் நின்றவர்கள் அனைவரும் அது நியாயம் என்றார்கள். பூங்கோதை டீக்கடையைத் தாண்டிப் போய்க் கடைசியில் நின்றார். பன்னிரண்டே காலுக்கு அவர் முறை வந்தது. பின்னால் இன்னும் பதினாறு பேர் அவசரப்படுத்திக்கொண்டிருந்ததால், வேறு வழியில்லாமல் தன் ஆஸ்பத்திரிப் பூட்டுக்குத் தன் பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.