முதல் வட்டில் தண்ணீர்

கேளுங்கள், சின்னவர்களே, பெரியவர்களே. ராஜாக்கள் மலிந்திருந்த காலம் அது. இந்தக் கதையிலும் ஒரு ராஜா உண்டு. அவர் வெகு தூரத்தில் இருந்தார். அதனால் ஊர் ஓரளவு நன்றாக இருந்தது. அவரை அங்கேயே விட்டுவிட்டு நாம் காரைமேட்டுக் குளத்துக்கு வருவோம்.

குளத்துக்குக் கீழே மூன்று வயல்கள். முதல் வயல் வீரப்ப நாட்டாருடையது. நடு வயல் செக்காட்டும் கந்தையாவுடையது. கடைசி வயல் சடைச்சியுடையது. கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைகளின் தாய், வாய்த்துடுக்குக்காரி.

மடையைத் திறந்து மூடுகிறவன் மாசானம். அவனை நீர்க்கட்டி என்பார்கள். அடியில் துளையிட்ட ஒரு செம்பு வட்டிலைத் தண்ணீரில் மிதக்க விடுவான். அது நிறைந்து மூழ்கும்வரை பாய்கிற தண்ணீர் ஒரு வட்டில் தண்ணீர். நாட்டாருக்கு முதலில் மூன்று வட்டில். அடுத்துக் கந்தையாவுக்கு இரண்டு. மிச்சமிருந்தால் சடைச்சிக்கு ஒன்று. இந்த முறையை வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? முதலில் குடித்தவர்கள்தான், வேறு யார்?

அந்த வருஷம் கடல் கடந்து ஒரு புது விதை வந்தது. மக்காச்சோளம். சடைச்சி அது வந்த கையோடு விதைத்தாள். கந்தையா பத்து நாள் கழித்து விதைத்தான். நாட்டார், ஜோசியர் குறித்த நல்ல நாளுக்காக ஒரு மாதம் காத்திருந்து விதைத்தார்.

எட்டு நாளைக்கு ஒரு முறை மடை திறந்தது. நாட்டார் வயலில் ஈரம் இருந்தாலும் முதல் மூன்று வட்டிலும் அங்கேதான் பாய வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் மரியாதை குறைந்துவிடும் அல்லவா? முழங்கால் உயரத்தில் நின்ற அவருடைய பயிர் அவ்வளவு மரியாதையையும் குடித்துக் குடித்து மஞ்சள் பூத்துப் போயிற்று.

பிறகு மழை பொய்த்தது. குளத்தில் மூன்று வட்டில் தண்ணீர்தான் மிச்சம். ஆற்றில் தண்ணீர் வர இன்னும் இருபது நாள் ஆகும்.

அப்போது சடைச்சியின் சோளம் ஆள் உயரம் தாண்டி, உச்சியில் பூ விரித்து, கதிர் நுனியில் பட்டு நூல் நீட்டி நின்றது. மாசானம் வரப்போரம் நூல் கருகிய ஒரு கதிரை உரித்துப் பார்த்தான். பல் விழுந்த வாய்போல உள்ளே நாலே மணி. நூல் காய்ந்தால் மணி பிடிக்காது என்று அவனுக்குப் புரிந்தது. இந்த முறை தண்ணீர் இல்லை என்றால் சடைச்சி வீட்டில் அந்த வருஷம் கஞ்சி இல்லை. முறையை மீறித் திறந்தாலோ, மாசானத்துக்கு ஊரில் இடம் இல்லை.

மடை திறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது.

முதல் நாள் அவன் இரண்டு சோள இலைகளோடு நாட்டாரிடம் போனான்.

"நாட்டாரே, இது உங்க வயல் இலை, விரிஞ்சு கிடக்கு. இது சடைச்சி வயல் இலை, காலையிலயே சுருண்டு போச்சு. தாகம் எங்க இருக்குன்னு பாருங்க."

"ஏலே, இலை சுருண்டா நீவி விடச் சொல்லு," என்றார் நாட்டார்.

இரண்டாம் நாள் இரண்டு பிடி மண்ணோடு போனான். நாட்டார் வயல் மண்ணை அமுக்கினான், கொழுக்கட்டையாக நின்றது. சடைச்சி வயல் மண்ணை அமுக்கினான், விரலிடுக்கில் உதிர்ந்தது.

"மண்ணுருண்டை பிடிக்கவா உன்னைய நீர்க்கட்டியா வச்சிருக்கு? முதல் தண்ணி என் பாட்டன் வாங்கின மரியாதைலே. போ, போ."

மூன்றாம் நாள் மாசானம் வெறுங்கையோடு போனான். நடுப்பகல், சாப்பாட்டு நேரம். அந்த வீட்டில் முதல் இலை நாட்டாருக்கு. அவர் உண்டு எழாமல் யாரும் கை நனைக்க மாட்டார்கள். எழுதாத சட்டம் அது.

ஆனால் அன்று முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது அவருடைய மகள் அங்கம்மை. தலைப்பிரசவத்துக்கு வந்தவள், ஒன்பதாம் மாதம். நாட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து அவளுக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன நாட்டாரே," என்றான் மாசானம், "முதல் இலை கை மாறிருச்சு?"

நாட்டாருக்குக் காது சிவந்தது. "சும்மா இருலே. பிள்ளைத்தாச்சிப் பசிக்கு வரிசை உண்டா? நான் ஒரு நாழி பொறுத்தா செத்தா போயிருவேன்?"

"மரியாதை?"

"மரியாதை கிடக்கட்டும்லே! வயித்துல பிள்ளை வாடுமே!"

"அதைத்தான் மூணு நாளாச் சொல்லுதேன், நாட்டாரே. சடைச்சி சோளம் பிள்ளைத்தாச்சி. உங்க சோளம் முழங்கால் உசரத்துப் பொடியன். ஒரு வேளை பொறுத்தா சாக மாட்டான்."

நாட்டார் கையிலிருந்த நெய் இலையைத் தாண்டித் தரையில் வழிந்தது.

"அப்பா," என்றாள் அங்கம்மை, "நெய்யை இலையில ஊத்துங்க. தரை ஒண்ணும் மாசமா இல்ல."

மறுநாள் காலையில் நாட்டார் தாமே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வயலுக்கு வந்தார். சடைச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ன நாட்டாரே, வழி தப்பிட்டீகளா? உங்க வயல் மேற்கால இருக்கு."

"வாயை மூடிட்டு வாய்க்காலைத் திற," என்றார் நாட்டார்.

முதல் வட்டில் சடைச்சிக்குப் பாய்ந்தது. இரண்டாம் வட்டில் கந்தையாவுக்குப் பாய்ந்தது. மூன்றாம் வட்டில் குளத்திலேயே ஆடுமாடுகளுக்கு நின்றது. தண்ணீரே வாங்காத நாட்டாரின் பயிர் பத்து நாளில் மஞ்சள் தெளிந்து, வேரைக் கீழே இறக்கிப் பச்சை கட்டியது. வாங்கிய மரியாதையில் வராத பச்சை, விட்டுக்கொடுத்ததில் வந்தது.

இருபதாம் நாள் ஆறு வந்தது. குளம் பாதிதான் நிறைந்தது. அதற்கு அடுத்த வாரம் நாட்டாரின் சோளம் பட்டு நூல் நீட்டியது. அதே வாரம் அங்கம்மைக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மடை திறக்கும் நாளில் நாட்டார் வரவில்லை. சென்ற முறை விட்டுக்கொடுத்த வரிசையை வந்து கேட்க அவருக்குக் கூச்சம். மாசானம் வட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சடைச்சியைப் பார்த்தான். அவளுடைய கதிர்களில் மணி முற்றி, வரிசை தப்பாமல் நிறைந்திருந்தது. மடியில் சுட்ட கதிர் இரண்டு, பிள்ளை பெற்றவள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்திருந்தாள்.

"என்னைய ஏன் அண்ணாச்சி பாக்குறீக?" என்றாள் சடைச்சி. "முதல் வட்டிலை அந்த மனுஷன் வயலுக்குத் திருப்புங்க. பிள்ளைத்தாச்சிச் சோளம் இப்ப அங்கதான நிக்குது!"

மாசானம் மடையைத் திறந்தான்.

அன்றிலிருந்து காரைமேட்டில் மடை திறக்கும் முன் மூன்று வயலையும் நடந்து பார்க்கிறார்கள்: இலையைப் பார்க்கிறார்கள், மண்ணைப் பார்க்கிறார்கள், பட்டு நூலைப் பார்க்கிறார்கள். யார் வயல் என்று மட்டும் பார்ப்பதில்லை.

ஆகவே மக்களே, பங்கிடும்போது யார் பெரியவர் என்று பார்க்காமல், யாருடைய தேவை இன்று பொறுக்காது என்று பார்த்துக் கொடுப்பதே நியாயம்.